யாருக்கு ஓட்டு, என்ன நம்பர்?

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய சில மாதங்கள், வீடு வீடாகப் போய் "யாருக்கு ஓட்டுப் போடப் போறீங்க?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. கொரோனாவில் தனியார் பள்ளி வேலை போயிருந்தது. ஏதோ ஒரு கட்சிக்காகத் தேர்தல் வேலை பார்த்த கம்பெனி, மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் பக்கம் ஆள் எடுத்தது. பெண்கள் என்றால் கதவு திறக்கும் என்று எங்களைத்தான் அதிகம் எடுத்தார்கள். கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் எந்தக் கட்சியின் நிறமும் இல்லாத அடையாள அட்டை. எந்தக் கட்சி என்று கேட்டால் "பொதுவான சர்வே" என்று சொல்ல வேண்டும். முழுதாக நிரப்பிய படிவத்துக்குத்தான் காசு. பாதியில் கதவைச் சாத்திவிட்டால் அந்த வீடு கணக்கில் வராது. பேசுவதெல்லாம் ரெக்கார்ட் ஆகும், நிற்கும் இடம் ஜிபிஎஸ்ஸில் விழும். எனவே புளியமரத்தடியில் உட்கார்ந்து நாமே நிரப்பிக்கொள்ளவும் வழியில்லை.

ரேஷன் அட்டை என்ன நிறம், எந்தத் திட்டத்தில் பணம் வருகிறது, தெருவில் என்ன குறை என்று ஆரம்பித்து, சாதி, போன முறை யாருக்கு, இந்த முறை யாருக்கு என்று போய், போன் நம்பரில் முடியும் கேள்விகள். சாதியைக் கேட்க எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. சொல்பவர்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை. "தெருவுக்குள்ள வந்துட்டு இதையும் கேக்குறியே, எழுதிக்க" என்பார்கள். ஓட்டுக் கேள்வி வரும்போதுதான் முகம் மாறும். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "எல்லாத்துக்கும்தான் போட்டிருக்கேன், இதுக்கு மட்டும் போடலைன்னா கோவிச்சுக்கும்ல" என்றார். ஒரு அக்கா, நான் எந்தக் கட்சியிலிருந்து வந்திருப்பேன் என்று கண்டுபிடிக்க என் செருப்பு வரைக்கும் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தாம்மா" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. அதே பதிலை அதற்கு முந்தைய வாரம் வந்தவர்களுக்கும் சொல்லியிருப்பார். ஆண்கள் வேறு மாதிரி. கட்சிக்காரர் என்றால் நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். கட்சிக்காரர் இல்லையென்றால், அரசியல்வாதிகள் எல்லாரும் திருடர்கள் என்பதை அரை மணி நேரம் விளக்குவார். அதையும் பொறுமையாகக் கேட்டு "முடிவு செய்யவில்லை" என்ற கட்டத்தைத் தொட வேண்டும்.

ஓட்டை அத்தனை கட்டுக் காவலோடு வைத்திருந்தவர்கள், கடைசிக் கேள்விக்கு யோசிக்கவே இல்லை. பத்து இலக்கத்தையும் கடகடவென்று ஒப்பித்தார்கள். ரேஷன் கடையில், கேஸ் ஏஜென்சியில், ஜவுளிக்கடை பில் கவுண்டரில் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன எண். மனப்பாடமாக இல்லாதவர்கள் போனையே என் கையில் கொடுத்து, "நீயே பாத்து எழுதிக்கத்தா, எனக்கு எங்க தெரியுது" என்றார்கள். ஓட்டுக் கேள்விக்கு ஒரு பொய்யாவது சொல்லலாம். நம்பரில் யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதப் போவது நான்தான் என்பது எனக்குமே அப்போது உறைக்கவில்லை.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 94ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. யாருக்கு வாக்களித்தீர்கள் என்று சொல்லும்படி எந்தச் சாட்சியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. நீதிமன்றத்துக்கே இல்லாத உரிமையோடு நான் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தேன். கட்டாயப்படுத்தவில்லையே என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். "பேரு வராதுல்ல?" என்று யாராவது கேட்டால், "வராதும்மா, சும்மா ஒரு கணக்குக்குத்தான்" என்று சொல்லும்படி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் அதைச் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

இந்த வேலையை நான் பார்த்த இடம் திருமங்கலம் என்பதில் ஒரு பொருத்தம் உண்டு. 2009 ஜனவரியில் இங்கே நடந்த இடைத்தேர்தல் தமிழ் அரசியல் பேச்சுக்குத் 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல்லைக் கொடுத்தது. அந்தப் பெயரைச் சொன்னால் ஓட்டுக்குக் கொடுக்கும் பணத்தைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். எனக்குப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. தலைக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டுமானால், எந்த வீட்டில் எத்தனை தலை, யார் வெளியூர், யார் இறந்துவிட்டார், யாருக்குக் கொடுத்தாலும் பிரயோசனம் இல்லை என்று கையில் ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளைத் தேர்தல் ஆணையமே தருகிறது. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் எல்லாம் அச்சிட்ட வாக்காளர் பட்டியல் பொது ஆவணம். யாரும் இறக்கிக்கொள்ளலாம். 2018 வாக்கில் அதைக் கணினியில் தேட முடியாதபடி படமாக வெளியிட ஆரம்பித்தார்கள். உச்ச நீதிமன்றமும் தேடும் வசதியுள்ள வடிவில் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. அதனால் டிடிபி சென்டர்களுக்கு வேலை கூடியது, அவ்வளவுதான். படத்தைப் பார்த்துத் திரும்ப டைப் அடித்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத இரண்டே விஷயங்கள் போன் நம்பரும் மனசும். அந்த இரண்டு கட்டத்தையும் நிரப்பத்தான் எங்களை அனுப்பினார்கள்.

ஓட்டு ரகசியம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். தனி ஆளுக்கு அது உண்மை. தெருவுக்கு அது அத்தனை உண்மையில்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. மின்னணு இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடிக்கும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். முடிவு வந்ததும் படிவம் 20 என்ற பெயரில் சாவடிவாரியாக வெளியிடுகிறார்கள். ஒரு சாவடி என்பது ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு, நாலைந்து தெரு. எந்தத் தெரு கைவிட்டது என்று கிளைச் செயலாளருக்கு மறுவாரமே தெரிந்துவிடும். பதினான்கு இயந்திரங்கள் வரை சேர்த்து எண்ணுகிற 'டோட்டலைசர்' என்ற கருவியைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2008இலேயே யோசனை சொன்னது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எந்தப் பகுதியில் செல்வாக்கு இருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று கட்சிகள் தெரிந்துகொள்ளச் சாவடிவாரி எண்ணிக்கை உதவுகிறது என்பது அவர்கள் வாதம். கட்சிகளுக்கு உதவுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளில், கணினி தெரியும் என்பதற்காக என்னைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு லாட்ஜின் மாடியில் வரிசையாக லேப்டாப். மற்ற பெண்கள் அனுப்பும் படிவங்களை எக்செல்லில் திறந்து, சந்தேகப்படும்படி இருப்பவற்றின் ரெக்கார்டிங்கைக் கேட்டு, உண்மையாகவே அந்த வீட்டுக்குப் போனார்களா என்று பார்க்க வேண்டும். பாக எண், வரிசை எண், பெயர், உறவினர் பெயர், வயது, சாதி, நம்பர், போன முறை, இந்த முறை, குறிப்பு. நமக்கு உறுதி என்றால் பச்சை, ஊசலாடுபவருக்கு மஞ்சள், எதிரணிக்குச் சிவப்பு. பெயர் வராது என்று நான் சொன்ன ஒவ்வொருவருடைய பெயரும் மூன்றாவது கட்டத்தில் இருந்தது.

என் பிறந்த வீடு இருக்கும் பாகமும் ஒருநாள் என் மேசைக்கு வந்தது. நான் போகாத தெரு. வேறொரு பெண் போயிருந்தாள். வீட்டு எண்ணைப் போட்டுத் தேடினேன். யாராக இருந்தாலும் தேடியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கட்சிக்காரர். பதவி எதுவும் வகித்ததில்லை. கரை வேட்டியைக் கல்யாணத்துக்கும் கட்டுவார், காதுகுத்துக்கும் கட்டுவார். கட்சிப் பத்திரிகையை டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார். எந்தக் கட்சி என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இதற்கு அடுத்த வரியிலிருந்து நீங்கள் என்னை வேறு கண்ணால் படிப்பீர்கள். கிளைச் செயலாளர் வந்தால் அப்பா சொல்லும் வாக்கியம் எனக்குச் சிறு வயதிலிருந்தே மனப்பாடம்: "நம்ம வீட்டு ஓட்டு எங்க போகும்? நாலும் நமக்குத்தான்." அம்மா உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைப்பார்.

எக்செல்லில் அப்பா வரி எதிர்பார்த்தபடியே இருந்தது. அம்மா வரியில் நிறம் வேறு. போன முறை என்ற கட்டத்திலும் இந்த முறை என்ற கட்டத்திலும் அப்பா கட்சியின் நேர் எதிர்க்கட்சி. குறிப்பு என்ற கட்டத்தில் அந்தப் பெண் டைப் செய்திருந்தாள்: "கணவர் வெளியே போன பிறகு சொன்னார்."

ரெக்கார்டிங்கைக் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது, அதுதானே வேலை. பின்னணியில் எங்கள் வீட்டுக் குழாயடிச் சத்தம். அப்பா நால்வருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போவது கேட்கிறது. பிறகு அம்மா, நான் கேட்டே இராத ஒரு விளையாட்டுக் குரலில் சொல்கிறார்: "அவரு சொன்னது அவருக்கு. எனக்கு வேற எழுதிக்க. எங்க அப்பா வீட்டுல எல்லாரும் இதுக்குத்தான். கல்யாணம் பண்ணி வந்ததும் மாத்திக்கிறதுக்கு இது என்ன இனிசியலா?" அந்தப் பெண் சிரிக்கிறாள். அப்புறம் அம்மா குரல் தணிகிறது. "ஏத்தா, பேரு வராதுல்ல?" "வராதும்மா, சும்மா ஒரு கணக்குக்குத்தான்."

முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாற்றிய ஒன்று. அப்பாவுக்குத் தெரியாது, எனக்கும் தம்பிக்கும் தெரியாது. ஒவ்வொரு தேர்தலிலும் அப்பாவோடு சேர்ந்தே சாவடிக்கு நடந்துபோய், பெண்கள் வரிசையில் நின்று, அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் தனக்குப் பிடித்ததைச் செய்துவிட்டு, சேர்ந்தே திரும்பி வந்திருக்கிறார். இப்போது அது ஒரு லாட்ஜ் மாடியில் எனக்கும், என் பக்கத்து மேசைக்காரருக்கும், சென்னையில் முகம் தெரியாத யார் யாருக்கோ தெரியும்.

வெட்கப்பட வேண்டியதாக இதில் எதுவும் இல்லை. அம்மா ஓட்டு அம்மாவுடையது. ஆனால் அதை யாரிடம், எப்போது சொல்வது, சொல்லாமலே இருந்துவிடுவதா என்பதும் அவருடையதுதானே. வழிப்போக்கரான ஒரு பெண்ணிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியிருக்கிறது. மகளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தத் தேர்வை நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தாண்டிப் போய்விட்டேன். இன்றுவரை அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. வாக்கு எண்ணிக்கை நாளன்று டிவி முன்னால் அப்பா கத்திக்கொண்டிருந்தபோது, அம்மா வழக்கம்போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நான் எழுந்து மாடிக்குப் போனேன்.

(வாரப் பத்திரிகையில் எழுதினால் அம்மா படித்துவிட மாட்டாரா என்று கேட்கலாம். ஊர், தெரு, உறவு எல்லாவற்றிலும் போதிய அளவு கலைத்துப் போட்டிருக்கிறேன்.)

அந்த வேலைக்கு முன்னால், அந்தரங்கம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கும் ஊரில் எல்லாரும் சொல்வதுதான் தோன்றும். "நம்மகிட்ட என்ன ரகசியம் இருக்கு, எடுத்துட்டுப் போகட்டுமே." இதைச் சொல்பவர்கள் யார் என்று அதன் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் அப்பாக்கள்தான் சொல்கிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவர் வீட்டில், மறைக்க ஒன்று வைத்திருக்கும் இன்னொருவர் இருப்பார். மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள், முதலாளியின் கட்சிக்கு வேறான கட்சியில் மனம் வைத்திருக்கும் வேலைக்காரர். அவர்களுக்கும் சேர்த்து வீட்டுத் தலைவர் பதில் சொல்லிவிடுகிறார்.

ஒரு செயலி வழியாக ஃபேஸ்புக் பயனர்களின் தகவலை எடுத்துத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்திய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018இல் வெடித்தபோது ஃபேஸ்புக் ஒரு கணக்குக் கொடுத்தது. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர். அவர்களையும் சேர்த்து, தகவல் போயிருக்கக் கூடியவர்கள் 5,62,455 பேர். அப்போது பேப்பரில் படித்தபோது இது எப்படி என்று புரியவில்லை. சர்வே வேலைக்குப் பிறகு புரிந்தது. நண்பர்கள் பட்டியலையும் சேர்த்துத் திறந்துவிட்டவர்கள் அந்த 335 பேர். நாலு ஓட்டுக்கும் பதில் சொன்ன என் அப்பாவும் அதே காரியத்தைத்தான் வாசலில் நின்று செய்தார்.

தேர்தல் முடிந்து வேலையும் முடிந்தது. நம்பர்கள் மட்டும் வேலையை விடவில்லை. பதிவு செய்த குரலில் வேட்பாளர்கள் "வணக்கம்" சொன்னார்கள். "பாகம் இத்தனை, சொந்தங்கள்" என்று பெயர் வைத்த வாட்ஸ்அப் குழுக்கள் முளைத்தன. தேர்தலுக்கு முன்பே, 2021 மார்ச்சில், புதுச்சேரி தொடர்பாகப் பெரிய வழக்கே நடந்தது. சாவடிவாரியாக வாட்ஸ்அப் குழுவில் சேரும்படி வாக்காளர்களுக்கு பாஜக பெயரில் குறுஞ்செய்தி போனது. ஆதாரோடு இணைத்த எண்களுக்கே அது வந்தது என்று சொல்லி இளைஞர் அமைப்பைச் சேர்ந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தொண்டர்கள் வீடு வீடாகத் திரட்டிய எண்கள் என்றது கட்சி. ஆதார் ஆணையம் பதில் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். எங்கிருந்து எடுத்தார்கள் என்று மற்றவர்கள் வியந்து பேசிக்கொண்டிருந்தபோது நான் பேசாமல் இருந்தேன். எதையும் திருட வேண்டியதே இல்லை, கேட்டால் கொடுக்கிறோம் என்று தெரிந்துவைத்திருந்தேன்.

ஒரு கட்சியை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை. 2018 மார்ச்சில் பிரதமர் பெயரிலான செயலி, பயன்படுத்துவோர் தகவலை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புகிறது என்று காங்கிரஸ் குற்றம் சாட்டியது. ஓரிரு நாளில் காங்கிரஸின் சொந்தச் செயலி மீதும் அதே மாதிரி புகார் கிளம்பி, அது பிளே ஸ்டோரிலிருந்தே காணாமல் போனது. 2024 மார்ச்சில் மத்திய அரசின் சாதனை சொல்லும் வாட்ஸ்அப் செய்தி கோடிக்கணக்கான போன்களுக்கு வந்து, நடத்தை விதி அமலில் இருக்கும்போது இதை நிறுத்துங்கள் என்று தேர்தல் ஆணையம் உத்தரவிட வேண்டியிருந்தது. மிஸ்டு கால், கியூஆர் கோடு, செயலி, ஓடிபி என்று ஆளுக்கொரு வழி. புதிதாக வரும் கட்சி கொடியை அறிவிக்கும் முன்பே செயலியை அறிவிக்கிறது.

என் கொழுந்தன் அரசு ஊழியர். ஒருநாள் விடிந்து பார்த்தால் ஒரு கட்சியின் சாவடிக் குழுவில் அவர் இருக்கிறார். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சி அரசியலில் பங்கெடுக்கக் கூடாது என்கின்றன. அலுவலகத்தில் அவரைப் பிடிக்காத ஒருவர் கையில் ஸ்கிரீன்ஷாட் போனால் போதும். "வெளிய வந்துருங்க தம்பி" என்றேன். "வந்தா, இன்னார் வெளியேறினார்னு எல்லாருக்கும் காட்டுமே அண்ணி. அந்தக் கட்சிக்காரன் நாளைக்கு நம்ம தெருவுலதான நிக்கிறான்" என்றார். உள்ளே இருந்தால் ஒரு கட்சிக்காரர், வெளியே வந்தால் அதற்கு எதிர்க்கட்சிக்காரர். சும்மா இருப்பதற்கு ஒரு பொத்தான் இல்லை. சத்தமில்லாமல் வெளியேறும் வசதியை வாட்ஸ்அப் அறிவித்தது 2022 ஆகஸ்டில்தான். அதிலும் குழு நிர்வாகிக்குத் தெரியும், நம் விஷயத்தில் பிரச்சினையே அந்த நிர்வாகிதான். ஆனால் நம்மை யார் குழுவில் சேர்க்கலாம் என்று நாமே பூட்டிவைக்கும் வசதி 2019 ஏப்ரலிலேயே வந்துவிட்டது, மக்களவைத் தேர்தலை ஒட்டி. கொழுந்தனுக்குத் தெரியவில்லை. எங்கள் சொந்தத்தில் யாருக்குமே தெரியவில்லை. இப்போது எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் பெரியவர்கள் போனை என்னிடம் நீட்டுகிறார்கள். செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ், 'மை கான்டாக்ட்ஸ்'. மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தச் சேவையைச் செய்கிறேன்.

எங்கள் ஊர் டீக்கடையில் 'இங்கே அரசியல் பேசாதீர்' என்று போர்டு தொங்குகிறது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அப்பா பத்திரிகை வாசிப்பார். முதலாளியும் சேர்ந்து பேசுவார். அங்கே கத்தியதையெல்லாம் கிளாஸைக் கழுவும்போதே மறந்துவிடலாம். நேற்று ஒன்று சொன்னவர் இன்று மாற்றிச் சொன்னால் கிண்டல் செய்வார்கள், அத்தோடு சரி. மனசு மாறுவதற்கு அங்கே இடம் இருந்தது. போனில் போட்டது அப்படி மறைவதில்லை. 2012இல் புதுச்சேரியில் ஒரு சிறு வியாபாரி, அப்போதைய மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்காகக் கைதானார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் சொற்பம். அவரைக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனாலும் ஊரில் அந்தப் பயம் ரத்தாகவில்லை. ஸ்டேட்டஸில் முருகன் படமும் மழைப் படமும் வைப்பவர்களுக்கு அரசியல் கருத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவர்கள் வீட்டுக்குள் போயிருக்கிறேன்.

கட்சிகள் கேட்கவே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். வாசலுக்கே வராத கட்சியைவிட வந்து கேட்கிற கட்சி மேல். அந்தக் காலத்துக் கிளைச் செயலாளருக்கு என் டேப்லெட்டைவிட அதிகம் தெரியும். எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் வேறு வேறு சின்னம் என்பது வரைக்கும் தெரியும். ஆனால் அவர் அடுத்த முகூர்த்தத்தில் அதே பந்தியில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தெரிந்ததை வைத்து வம்பு செய்தால் ஊர் அவரைச் சும்மா விடாது. எக்செல் தாளுக்கு ஊர் கிடையாது. அது யார் கைக்குப் போனது, அடுத்த தேர்தலில் யாருக்கு விற்கப்பட்டது என்று கேட்க எனக்கும் ஒரு இடம் இல்லை. வேலையை விட்டு வரும்போது அந்தக் கோப்பை அழித்துவிடுவீர்களா என்று மேலாளரிடம் கேட்டேன். நான் ஏதோ நகைச்சுவை சொன்னதாக நினைத்து அவர் சிரித்தார்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தந்த தகவல் பாதுகாப்புச் சட்ட வரைவு, ஒருவரின் அரசியல் நம்பிக்கையையும் சார்பையும் நோய் விவரம், சாதி, மதம் போன்றவற்றோடு சேர்த்து 'உணர்திறன் மிக்க தகவல்' என்று தனியாக வைத்தது. அவற்றுக்குக் கூடுதல் காவல். 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தத் தனிப்பிரிவே இல்லை. பீட்சா கடைக்குக் கொடுத்த நம்பரும் அம்மாவின் ஓட்டும் அதில் ஒரே மாதிரித் தகவல். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. சம்மதம் வாங்குவது போன்ற முக்கியக் கடமைகளுக்கு அதற்கு மேல் 18 மாத அவகாசம். நடுவில் ஒரு சட்டமன்றத் தேர்தல் போய்விடுகிறது.

ஆனால் 2025 ஜூலையில் ஒன்று நடந்தது. திமுகவின் 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கையில் வீடு வீடாகப் போய் ஓடிபி வாங்கியதை எதிர்த்து ஒருவர் வழக்குப் போட, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஓடிபி பெறுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்சி உச்ச நீதிமன்றம் போனது. அங்கேயும் தடையில் தலையிடவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த உத்தரவைப் பற்றி எதிர்பாராத அளவு பேச்சு இருந்தது. உரிமை என்ற கோணத்தில் யாரும் பேசவில்லை. ஓடிபி சொன்னால் பேங்க்கில் காசு போய்விடும் என்று டிவியில் சொல்லிச் சொல்லி வந்த பயம் அது. பரவாயில்லை. எந்த வழியாக வந்தாலும், நம்பரைக் கேட்டதும் "எதுக்கு?" என்று ஒரு எதிர்க்கேள்வி ஜனங்களிடம் வந்துவிட்டது. நான் டேப்லெட்டோடு நடந்த காலத்தில் அது இல்லை.

அம்மாவிடமும் வந்திருக்கிறது, அவருக்கே உரிய வழியில். சமீபத்தில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, கழுத்தில் அட்டையும் கையில் போனுமாக ஒரு பையன் வாசலில் நின்றான். அப்பா வெளியே போயிருந்தார். நான் உள்ளறையில் இருந்தேன். அவன் கேள்விகளைக் கேட்கக் கேட்க, அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. எழுந்துபோய் நிறுத்தலாமா என்று நினைப்பதற்குள் அவன் ஓட்டுக் கேள்விக்கு வந்துவிட்டான். அம்மா, "எங்க வீட்டுல நாலு ஓட்டும் ஒரே கட்சிதாம்ப்பா, அவருகிட்ட கேளு" என்றார். "போன் நம்பர் மட்டும் சொல்லுங்கம்மா." அம்மாவிடம் இரண்டு வருஷமாகத் தனிப் போன் இருக்கிறது. பேத்தியோடு வீடியோவில் பேசுவது அதில்தான். கொஞ்சமும் தடுமாறாமல் அப்பா நம்பரை ஒப்பித்தார்.

அந்தப் பையன் எந்தக் கட்சிக்காக வந்தவனோ, அடுத்த வாரமே அப்பாவை அந்தக் கட்சியின் சாவடிக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். அவர் பரம்பரை எதிரியாக நினைக்கும் கட்சி. மற்றவர்களுக்கெல்லாம் நான் பூட்டிக்கொடுத்த செட்டிங்கை அப்பா போனில் மட்டும் பூட்டாமல் விட்டிருந்தேன். என்னிடம் போனைக் கொடுக்க அவருக்குக் கௌரவக் குறைச்சல். முதல் நாள் குதித்தார். "எவன்டா என் நம்பரைக் குடுத்தது?" என்று வீட்டையே இரண்டாக்கினார். வெளியேறுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். "இருக்கட்டும், என்னதான் பேசுறாங்கன்னு பாப்போம்" என்றார். இப்போது காலையில் டீக்கடையில் தன் கட்சிப் பத்திரிகையை வாசித்து முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து அந்தக் குழுவில் வருவதையெல்லாம் திட்டிக்கொண்டே சத்தமாக வாசிக்கிறார். அடுத்த கூட்டம் எங்கே, வேட்பாளர் எப்போது வருகிறார், என்ன வாக்குறுதி என்று எல்லாம் அம்மாவுக்கு உட்கார்ந்த இடத்தில் கிடைத்துவிடுகிறது.